போனை பூட்டினால் மட்டும் போதுமா? மானத்தை விலை பேசும் கும்பல்... மலைக்கிராமங்களும் உஷாராக வேண்டிய நேரம்!

கொடைக்கானல்:

'கேலரியில பூட்டு போட்டாச்சு, இனி யாரு பார்க்கப் போறா?' என்று நிம்மதியாக இருப்பவரா நீங்கள்? கொஞ்சம் நில்லுங்க. பூட்டு ஒரு பக்கம் தொங்கும், படம் பின்வாசல் வழியாக வெளியே போய்விடும். அப்படி வெளியே போன படத்தை வைத்து மிரட்டி, பணம் பறித்து, குடும்பங்களை கண்ணீரில் தள்ளிய கும்பல்களை தமிழ்நாடு பலமுறை பார்த்துவிட்டது.

நகரத்துல நடக்குற கூத்து, நமக்கு என்ன என்று மலைக்கிராமத்து ஜனங்கள் ஒதுங்கி இருந்த காலம் மலையேறிவிட்டது. கொடைக்கானலில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, பூம்பாறையைத் தாண்டி ஏரியும் காடுமாக இருக்கும் கூக்காலில்கூட இன்று ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டை தேடித்தான் பார்க்க வேண்டும். பூண்டு விலை கேட்க போன், கூலி வந்ததா என்று பார்க்க போன், பிள்ளைகள் பாடத்துக்கும் அதே போன். மூடுபனியில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு என்றாலும், கிடைத்த நேரத்தில் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

புருஷன் திருப்பூரில், பொண்டாட்டி மலையில் என்று பிழைப்புக்காக பிரிந்து வாழும் குடும்பங்கள் ஏராளம். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள், காதலிக்கும் இளசுகள் என எல்லோருக்கும் போன்தான் தூது. அன்போடு அனுப்பிய படம், ஆசைக்கு எடுத்த படம், டாக்டரிடம் காட்ட எடுத்த படம், பிள்ளையை குளிப்பாட்டும்போது எடுத்த படம் என்று எந்த போனிலும் நாலு பேர் பார்க்கக்கூடாத படம் ஒன்றாவது இருக்கும். அது தப்பு இல்லை. அதை திருடுவதும் பரப்புவதும்தான் தப்பு.

பொள்ளாச்சி தந்த பாடம்

2019-ம் ஆண்டு பிப்ரவரியில் தமிழகத்தையே உலுக்கிய பொள்ளாச்சி விவகாரத்தை யாரும் மறந்திருக்க முடியாது. இளம்பெண்களிடம் பழகி, தனியாக வரவழைத்து, பலாத்காரம் செய்து, அதை செல்போனில் வீடியோ எடுத்து, அந்த வீடியோவைக் காட்டியே திரும்பத் திரும்ப மிரட்டியது ஒரு கும்பல். மாட்டிய பெண்களில் பெரும்பாலானோர் வெளியே சொல்லவில்லை. 'வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்' என்ற பயம்தான் அந்தக் கும்பலுக்கு மூலதனம்.

ஒரே ஒரு கல்லூரி மாணவி துணிந்து வீட்டில் சொன்னார். போலீசில் புகார் போனது. அதன் பிறகுதான் மொத்த கதையும் வெளியே வந்தது. வழக்கு உள்ளூர் போலீசிடம் இருந்து சி.பி.சி.ஐ.டி.க்கும், பிறகு சி.பி.ஐ.க்கும் போனது. 6 வருஷத்துக்கும் மேல் இழுத்த வழக்கில், 2025-ம் ஆண்டு மே 13-ந்தேதி கோவை மகளிர் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. 9 பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை. பாதிக்கப்பட்ட 8 பெண்களுக்கு மொத்தம் ரூ.85 லட்சம் இழப்பீடு.

இந்த வழக்கில் 48 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். ஒருவர்கூட பிறழ்சாட்சி சொல்லவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. குற்றவாளிகள் மிரட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த எலக்ட்ரானிக் ஆதாரங்களே அவர்கள் கழுத்துக்கு கயிறானது.

இதில் இன்னொரு கொடுமையும் நடந்தது. புகார் கொடுத்த பெண்ணின் பெயரை அப்போதைய மாவட்ட போலீஸ் சூப்பிரண்டே பேட்டியில் வெளியிட்டார். அரசு உத்தரவிலும் பெயர் வந்தது. கொதித்துப்போன மதுரை ஐகோர்ட்டு, அந்தப் பெண்ணுக்கு ரூ.25 லட்சம் இழப்பீடு கொடுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. புகார் கொடுப்பவரின் அடையாளத்தை காப்பது போலீசின் கடமை, சலுகை அல்ல என்பது அன்றே உரக்கச் சொல்லப்பட்டது.

அழித்தாலும் அழியாத லேப்டாப்

பொள்ளாச்சி ஈரம் காயும் முன்பே 2020 ஏப்ரலில் நாகர்கோவிலில் வெடித்தது காசி விவகாரம். சமூக வலைத்தளத்தில் ஸ்டைலாக படம் போட்டு பெண்களுக்கு வலை விரித்து, நெருக்கமான படங்களை எடுத்து பணம் பறித்ததாக வாலிபர் காசி கைதானார். சென்னையைச் சேர்ந்த பெண் டாக்டர் ஒருவர் கொடுத்த புகார்தான் ஆரம்பம். அதன் பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டால் தப்பிவிடலாம் என்று கணக்கு போட்டார்கள். ஆதாரத்தை அழித்ததாக காசியின் தந்தையும் கைது செய்யப்பட்டார். ஆனால் நிபுணர்கள் அழித்ததை எல்லாம் தோண்டி எடுத்தார்கள். சுமார் 1,900 ஆபாச படங்களும் 400 வீடியோக்களும் மீட்கப்பட்டதாக சி.பி.சி.ஐ.டி. ஐகோர்ட்டில் தெரிவித்தது. 2023 ஜூனில் நாகர்கோவில் கோர்ட்டு காசிக்கு சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, 'அழிச்சுட்டேன், ஆதாரம் இல்ல' என்று குற்றவாளி தப்ப முடியாது. இரண்டாவது நமக்கு. 'டெலிட் பண்ணிட்டேன், இனி பயம் இல்ல' என்று நாமும் நம்பிவிடக்கூடாது.

பூட்டு எதுக்கு உதவும்?

போனில் படத்தை மறைக்க வழி இருக்கிறதா என்றால், தாராளமாக இருக்கிறது. காசும் தேவையில்லை.

ஆண்ட்ராய்டு போனில் 'கூகுள் போட்டோஸ்' உள்ளே 'லாக்டு போல்டர்' என்று ஒரு பெட்டி உண்டு. படத்தை அதற்குள் தள்ளிவிட்டால் கேலரியில் தெரியாது. போனை திறக்கும் பின் நம்பரோ விரல்ரேகையோ போட்டால்தான் திறக்கும். சாம்சங் போனில் 'செக்யூர் போல்டர்', ஐபோனில் 'ஹிடன்' ஆல்பம். புதிய ஆண்ட்ராய்டு 15 போன்கள் பலவற்றில் 'பிரைவேட் ஸ்பேஸ்' என்று தனி அறையே கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு விஷயம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பின் நம்பர் என்றால் பூட்டு இருந்தும் சாவி கதவிலேயே தொங்குகிற கதைதான். 1234, பிறந்த வருஷம், பைக் நம்பர் எல்லாம் சாவியே இல்லை. பல போன்களில் உள் பெட்டிக்கு தனி பின் வைக்கும் வசதி இருக்கிறது. பிள்ளைகள் பாடத்துக்கு வாங்கும் போன் என்றால் அந்த தனி பின் கட்டாயம்.

இன்னொரு எச்சரிக்கை. லாக்டு போல்டரில் உள்ள படத்துக்கு பேக்கப் போடாமல் இருந்து, போனை ரீசெட் செய்தாலோ, போன் தொலைந்தாலோ அந்தப் படம் திரும்ப கிடைக்காது. மறைப்பதற்கும் பத்திரப்படுத்துவதற்கும் வித்தியாசம் உண்டு.

பிளே ஸ்டோரில் கால்குலேட்டர் மாதிரி வேஷம் போட்டு 'படத்தை ஒளிச்சு வைக்கிறேன்' என்று வரும் ஆப்களிடம் உஷார். யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஆளிடம் பீரோ சாவியை கொடுக்கிற வேலை அது. போனோடு வரும் வசதியே போதும்.

பின்வாசல்கள் எங்கே?

முன்வாசலை பூட்டியவர்கள் கோட்டை விடுவது பின்வாசலில்தான். முதல் பின்வாசல், பேக்கப். கேலரியில் இருந்து படத்தை மறைப்பதற்கு முன்பே அது கூகுள் கணக்குக்கு போயிருக்கலாம். அதே மெயில் ஐடியை அண்ணன் போனிலோ, கடைக்காரர் செட்டப் செய்து கொடுத்த பழைய போனிலோ போட்டிருந்தால், இங்கே எடுத்த படம் அங்கேயும் தெரியும். போன் வாங்கும்போது கடையில் போட்டுக் கொடுத்த மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் யாருக்கெல்லாம் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். தெரியவில்லை என்றால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுவது நல்லது.

இரண்டாவது, குப்பைத்தொட்டி. டெலிட் செய்த படம் உடனே போவதில்லை. ஐபோனில் 30 நாள், கூகுள் போட்டோசில் பேக்கப் ஆன படம் 60 நாள் வரை 'டிராஷ்' பகுதியில் உட்கார்ந்திருக்கும். அதையும் காலி செய்தால்தான் கணக்கு முடியும்.

மூன்றாவது, வாட்ஸ்அப். வரும் படம் எல்லாம் தானாக கேலரியில் விழும்படி இருந்தால் போனை வாங்கிப் பார்ப்பவர் கண்ணில் பட்டுவிடும். அதை செட்டிங்சில் நிறுத்தலாம். 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தில் தெரியாத கம்ப்யூட்டர் பெயர் இருந்தால், உங்கள் வாட்ஸ்அப்பை வேறு யாரோ எங்கேயோ உட்கார்ந்து படிக்கிறார் என்று அர்த்தம். உடனே 'லாக்அவுட்' கொடுத்துவிட வேண்டும்.

'ஒரு தடவை மட்டும் பார்க்கலாம்' என்று அனுப்பும் வசதி 2021-ல் வாட்ஸ்அப்பில் வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது என்பது உண்மைதான். ஆனால் பக்கத்தில் இன்னொரு போனை வைத்து படம் பிடித்தால் யார் தடுப்பது?

இதுதான் மொத்த விஷயத்தின் சாரம். எட்டிப் பார்க்கும் கண்ணை பூட்டு தடுக்கும், அவ்வளவுதான். கையில் வாங்கிக்கொண்டவரின் மனசு மாறினால் அதை எந்தப் பூட்டும் தடுக்காது. பொள்ளாச்சியிலும் நாகர்கோவிலிலும் படத்தை வைத்து மிரட்டியது முன்பின் தெரியாத ஹேக்கர் இல்லை, பழகிய ஆட்கள்.

ரிப்பேருக்கு கொடுக்கும் முன்...

மலையில் டிஸ்ப்ளே உடைந்தால் கொடைக்கானல் டவுனுக்கு பஸ் ஏற வேண்டும். பெரிய வேலை என்றால் வத்தலக்குண்டு, திண்டுக்கல் என்று போன் மட்டும் இறங்கிப் போகும். 'பின் நம்பர் சொல்லுங்க, செக் பண்ணணும்' என்று கேட்டதும் சொல்லிவிட்டு பூண்டு மூட்டையை பார்க்க ஓடிவிடுகிறோம். பெரும்பாலான கடைக்காரர்கள் நாணயமானவர்கள்தான். ஆனால் போன் எத்தனை கை மாறுகிறது என்று கடைக்காரருக்கே சில நேரம் தெரியாது.

சாம்சங்கின் பல மாடல்களில் 'மெயின்டெனன்ஸ் மோடு' என்று ஒன்று இருக்கிறது. அதை போட்டுவிட்டு கொடுத்தால் ரிப்பேர் வேலை நடக்கும், உங்கள் படமோ மெசேஜோ தெரியாது. அந்த வசதி இல்லாத போன் என்றால் முடிந்தவரை எதிரிலேயே உட்கார்ந்து வேலையை முடித்து வாங்குங்க. மெமரி கார்டை கழற்றி கையில் வைத்துக்கொள்ளுங்க.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் கணக்கை எல்லாம் வெளியேற்றி, 'பேக்டரி ரீசெட்' செய்ய வேண்டும். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பது சங்கேத வடிவில் பூட்டப்பட்டிருப்பதால், ரீசெட் ஆனால் மீட்பது மிகக் கடினம். பழைய மெமரி கார்டு அப்படி இல்லை. அதை விற்கவே கூடாது. உடைத்துப் போடுங்க.

கடன் ஆப், வீடியோ கால்... ஆம்பளைக்கும் வலை!

பொம்பளைங்க சமாச்சாரம் என்று ஆண்கள் ஒதுங்க முடியாது. தெரியாத நம்பரில் இருந்து வீடியோ கால் வரும். எடுத்தால் எதிரில் அரைகுறை ஆடையில் பெண். சில நொடியில் அதை ரெக்கார்டு செய்து, உங்கள் முகத்தோடு சேர்த்து அனுப்பி, 'பணம் போடு, இல்லாட்டி உன் சொந்தக்காரங்களுக்கு அனுப்புவோம்' என்று மிரட்டுவார்கள். நாடு முழுக்க நடக்கும் மோசடி இது. ஒரு தடவை பணம் போட்டால் அத்தோடு விடமாட்டார்கள். கறவை மாடு கிடைத்தது என்று கறந்துகொண்டே இருப்பார்கள்.

உரம் வாங்க, ஆஸ்பத்திரி செலவுக்கு என்று அவசரத்துக்கு கடன் ஆப்பை இறக்கியவர்களுக்கும் இதே கதிதான். காண்டாக்ட், கேலரி என்று கேட்டதற்கெல்லாம் 'அனுமதி' கொடுத்துவிட்டு, தவணை தவறியதும் முகத்தை ஆபாச படத்தோடு ஒட்டி ஊருக்கே அனுப்பிய சம்பவங்கள் தமிழகத்திலும் நடந்தன. கடன் ஆப்கள் வாடிக்கையாளரின் காண்டாக்ட், படங்கள் பக்கம் போகக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் கட்டுப்பாடு போட்டது. 2023-ல் கூகுளும் பிளே ஸ்டோர் கடன் ஆப்களுக்கு அதே தடையை விதித்தது. அதையும் மீறி கேட்கிற ஆப் என்றால், அது கடன் கொடுக்க வரவில்லை என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இப்போது ஏ.ஐ. வந்துவிட்டது. கோவில் திருவிழாவில் எடுத்த சாதாரண படமே போதும், முகத்தை மட்டும் எடுத்து போலி ஆபாச படம் செய்துவிடுகிறார்கள். 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை ஒட்டிய போலி வீடியோ நாடு முழுக்க பரவியது. அதனால் 'நீ ஏன் அப்படி படம் எடுத்த?' என்ற கேள்விக்கே இனி அர்த்தம் இல்லை. எடுக்காதவர் படமும் வரும்.

மிரட்டல் வந்தால் என்ன செய்யணும்?

முதல் காரியம், பணம் கொடுக்காதீங்க. இரண்டாவது, பயத்தில் எதையும் அழிக்காதீங்க. மிரட்டல் மெசேஜ், போன் நம்பர், பணம் கேட்ட யு.பி.ஐ. ஐடி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. அதுதான் சாட்சி. பிறகு அந்த நம்பரை பிளாக் செய்யலாம்.

மூன்றாவது, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்க. அம்மா, அக்கா, அத்தை, டீச்சர் யாராக இருந்தாலும் சரி. பொள்ளாச்சி கும்பலின் கதை முடிந்தது ஒரு பெண் வீட்டில் வாய் திறந்த அன்றுதான்.

பணம் போயிருந்தால் 1930 என்ற நம்பருக்கு எவ்வளவு சீக்கிரம் போன் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. மத்திய அரசின் சைபர் கிரைம் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாச பட புகாரை பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

கூக்காலில் இருந்து கொடைக்கானல் மகளிர் போலீஸ் நிலையத்துக்கு போக ஒரு நாள் கூலி போகும், பஸ்சில் யார் பார்ப்பார்களோ என்ற கூச்சமும் இருக்கும். 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய சட்டப்படி எந்த போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 'எங்க லிமிட் இல்ல' என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆன்லைனில் தகவல் கொடுத்து 3 நாளுக்குள் நேரில் போய் கையெழுத்து போடவும் வழி இருக்கிறது. வக்கீலுக்கு காசு இல்லையே என்ற கவலையும் வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அதற்கு 15100.

'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்று ஒரு சர்வதேச இலவச சேவையும் இருக்கிறது. 18 வயது தாண்டியவர்களுக்கானது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படம் உங்கள் போனிலேயே இருக்கும். அதன் டிஜிட்டல் ரேகை மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்களுக்கு போகும். அதே படத்தை அங்கே யாராவது ஏற்ற முயன்றால் அடையாளம் கண்டு தடுக்க முடியும்.

சட்டம் யார் பக்கம்?

'நீயே சம்மதிச்சுதானே எடுக்க விட்ட?' இதுதான் மிரட்டுபவன் கையில் இருக்கும் கடைசி ஆயுதம். சட்டத்தின் முன் அது செல்லாக்காசு. பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. படம் எடுக்க பெண் சம்மதித்திருந்தாலும், மற்றவர்களுக்கு பரப்ப சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியவர் குற்றவாளி. மத்திய சட்டப்படி முதல் முறைக்கு குறைந்தது 1 வருஷம் முதல் 3 வருஷம் வரை ஜெயில், மறுபடி செய்தால் 3 முதல் 7 வருஷம்.

தகவல் தொழில்நுட்ப சட்டம் 66-இ பிரிவில் அடுத்தவர் அந்தரங்கத்தை சம்மதம் இல்லாமல் படம் பிடிப்பது, பரப்புவது இரண்டுக்கும் 3 வருஷம் வரை ஜெயில். இது ஆணுக்கும் பொருந்தும். 67-ஏ பிரிவில் பாலியல் காட்சியை பரப்பினால் 5 வருஷம் வரை, அபராதம் ரூ.10 லட்சம் வரை. குழந்தை படம் என்றால் 67-பி, போக்சோ என்று இன்னும் கடுமை.

குரூப்பில் வந்ததை 'பார்த்தியா மச்சான்' என்று தட்டிவிடுபவரும் இதே வலையில்தான் மாட்டுவார். எடுத்தவன் மட்டும்தான் குற்றவாளி என்று நினைத்தால் தப்புக்கணக்கு.

ஐகோர்ட்டு கேட்ட கேள்வி

2025 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டுக்கு ஒரு பெண் வக்கீல் வந்தார். கல்லூரி காலத்தில் பழகியவர் ரகசியமாக எடுத்த வீடியோ இணையதளங்களில் பரவிக்கொண்டே இருந்தது. சட்டம் தெரிந்தவருக்கே இந்த நிலை என்றால், சட்டம் தெரியாத பெண்களின் கதி என்ன என்பதுதான் கோர்ட்டு முன் எழுந்த கேள்வி. விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கண்கலங்கினார். 48 மணி நேரத்துக்குள் வீடியோக்களை நீக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். புகார் கொடுத்த பெண்ணை ஆண் போலீசார் பலர் முன்னிலையில் அந்த வீடியோவை பார்க்க வைத்ததையும் கண்டித்தார்.

இதுபோன்ற படங்கள் பற்றி புகார் வந்தால் சமூக வலைத்தள நிறுவனங்கள் 24 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்று 2021-லேயே மத்திய அரசு விதி போட்டிருந்தது. ஐகோர்ட்டு வழக்குக்குப் பிறகு இதற்கென தனி நடைமுறையும் வெளியானது. அதற்குப் பின் விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. விதி இருக்கிறது. ஆனால் அது வேலை செய்ய யாராவது புகார் கொடுக்க வேண்டும். புகார் கொடுப்பவரை போலீஸ் நிலையத்தில் கேவலமாக பார்க்காமல் இருக்க வேண்டும். ஓட்டை இருப்பது அங்கேதான்.

கூனிக் குறுக வேண்டியது யார்?

வீட்டில் பணம் திருடு போனால் 'ஏன் வீட்டுல பணம் வச்ச?' என்று யாரும் கேட்பதில்லை. திருடனைத்தான் தேடுகிறோம். படம் திருடு போனால் மட்டும் பறிகொடுத்த பெண்ணை கூண்டில் ஏற்றுகிறோம். அந்தப் பேச்சுக்கு பயந்துதான் எத்தனையோ பேர் வாய் திறக்காமல் பணத்தை கொட்டுகிறார்கள், சிலர் உயிரையே விட்டுவிடுகிறார்கள். பூண்டுக்கு விலை இறங்கினால் அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம். போன உயிருக்கு அடுத்த போகம் கிடையாது.

போனுக்கு நல்ல பூட்டு போடுங்க. பின்வாசலை சாத்துங்க. அதோடு வீட்டில் உள்ள பிள்ளைகளிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லி வையுங்க. 'என்ன நடந்தாலும் முதல்ல எங்ககிட்ட சொல்லு, உன்னை திட்ட மாட்டோம்' என்ற அந்த ஒரு வார்த்தை பெற்றவர்கள் வாயில் இருந்து வந்துவிட்டால், மிரட்டுகிற கும்பலின் பிழைப்பு அன்றோடு போச்சு!